கிழங்குக் காட்டில் அழுக்கான பட்டாளச் சட்டைகள்

"அதெல்லாம் உனக்கு எதுக்குச் சாமி சொல்லோணும்? வந்தமா, சோத்தத் தின்னமா, போனமான்னு இருக்க மாட்டியா?" கேட்பவர்களை இப்படித் திட்டிவிட்டுத்தான் இந்தக் கதையைச் சொல்வேன்.

எங்கள் ஊரிலிருந்து உலகப் போருக்குப் போனவர்களை நினைத்து விழா எடுத்தார்கள். அணிவகுப்பில் போட்டுக்கொள்ள, அந்தக் காலத்துப் பட்டாளச் சட்டை போலவே தைக்கும் வேலை என் மருமகளுக்கு வந்தது. தையல் கடை திறந்த பிறகு வந்த முதல் பெரிய வேலை. குமாரபாளையத்துக் காக்கித் துணியில் அச்சு அசலாகத் தைத்துவிட்டாள். புதுத்துணி ஆயிற்றே என்று நான்தான் கஞ்சி போட்டுத் தேய்த்து, காலரில் மஞ்சளும் வைத்தேன்.

விழா நடத்தும் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் பார்த்ததும் சிரித்தார். "ஏனுங்கம்மா, இதப் போட்டுக்கறவங்க சண்டைக்குப் போறாங்களா, பொண்ணு பாக்கப் போறாங்களா? சட்டை அடிபட்டதாட்டம் இருக்கோணுங்க. இன்னைக்குள்ள ஆகலீன்னா சேலத்து நாடகக்காரங்ககிட்ட வாடகைக்கு எடுத்துக்கறோம்."

மருமகள் முகம் செத்துவிட்டது. நான் சட்டைகளை அள்ளிக்கொண்டு எங்கள் காட்டுக்குப் போனேன். ஆட்கள் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். "இதப் போட்டுக்கிட்டுப் புடுங்குங்க சாமி. எவன் அழுக்காக்கலையோ அவனுக்கு டீ கெடையாது!" என்றேன்.

சாயங்காலம் பட்டாளத்துக்காரர் காட்டுக்கே வந்தார். செம்மண்ணும் வியர்வையுமாக வரிசையில் நின்றவர்களைக் கண்டதும் சல்யூட் அடித்துவிட்டார். "நாளைக்கு அணிவகுப்புல நீங்களே நடங்கப்பா" என்றார். நடந்தார்கள். ஊரே கைதட்டியது. என் மருமகள் விசிலே அடித்துவிட்டாள்.

அக்கம்பக்கத்தாரிடம் அப்புறம் சொன்னேன்: "அந்தச் சண்டை எங்க நடந்துச்சோ எனக்குத் தெரியாதுங்க. ஜெயிச்சது எங்க கெழங்குக் காட்டுலதான்."