மூன்றாவது ஜன்னலுக்குப் பின்னால்

எங்கள் பரிசோதனைக்கூடத்தின் சுவரில் இருப்பது ஒரே ஒரு ஜன்னல். கொக்கி துருப்பிடித்துவிட்டதால் அதை யாரும் திறப்பதில்லை. மற்ற ஜன்னல்கள் எல்லாம், நாங்கள் ஜன்னலார் என்று பட்டப்பெயர் வைத்திருந்த மூத்த ஊழியரின் கணினித் திரையில் இருந்தன. அவை துருப்பிடிக்க அவர் அவகாசமே கொடுத்ததில்லை.

எங்கள் வேலை எளியது. கிணறுகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் வரும் தண்ணீரைச் சின்னப் புட்டியில் ஊற்றி, கருவிக்குள் வைத்து, ஒளியைப் பாய்ச்சுவோம். ஒரு புட்டிக்கு ஒரு கோடு வரும். அந்தக் கோட்டின் மேடு பள்ளங்களை அளந்து, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல ஒரு மென்பொருள் உண்டு. அதில் எந்த ஜன்னல் எங்கே இருக்க வேண்டும், எந்தப் பட்டன் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதியைச் செய்துகொடுத்தவர்கள், ஒரு மனிதர் பதினொரு வருஷம் அதையே உத்தியோகமாகப் பார்ப்பார் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

காலை ஒன்பதுக்கு வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். கோடு வரும் ஜன்னலை ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளுவார். நாற்காலியோடு பின்னால் உருண்டுபோய், தலையைச் சாய்த்துப் பார்ப்பார். திரும்ப வந்து அரை விரற்கடை வலப்பக்கம் தள்ளுவார். பதினொரு மணிவாக்கில் திரை அவர் மனதுக்குப் பிடித்துவிடும். அதற்குப் பிறகுதான் தண்ணீருக்கு வருவார். திற, சமன்செய், அள, சேமி என்று நான்கு பட்டன்கள், நான்கு நிறங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நான்கு அழுத்தல். நாற்பது புட்டிக்கு அரை நாள் ஆகும். யாரும் குறை சொன்னதில்லை; அறிவியல் என்றால் நேரம் எடுக்கும் என்று எங்கள் தலைவரே நம்பினார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு கதை சொல்வார். "நான் வந்தப்ப இந்தத் திரை சந்தைக்கடை மாதிரி இருந்தது. நடுவுல சாம்பல் கலர்ல ஒரு தடியன் பட்டன், பாதி இடத்தை அடைச்சிக்கிட்டு. வந்த அன்னைக்கே அதைத் தூக்கி மறைச்சுட்டேன்." பிறகு நம் திரையையும், கேட்காமலே, தன் திரை மாதிரி அமைத்துக் கொடுப்பார்.

வீட்டிலும் இந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஒருநாள் அவர் மனைவி கூப்பிட்டார். போனுக்கு வெளியிலேயே கேட்கும் குரல்.

"ஏங்க, சர்க்கரை டப்பா எங்க?"

"மேல் தட்டுல, இடது ஓரம். கை போற வழி அதுதான்."

"என் கை அந்த வழியா போனதே இல்லையே. உங்க கைய அனுப்பி எடுத்துக் குடுங்க."

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அறிவிப்பு வந்தது. கீழே பதிவறைக்கு ஓர் ஆள் வேண்டும். எங்கள் அறையில் மூன்று பேர்: ஜன்னலார், நான், வந்து நான்கு மாதமே ஆன ஒரு பெண். யார் இல்லாவிட்டாலும் இங்கே வேலை நடக்குமோ, அவர் கீழே போக வேண்டும். பதிவறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அங்கே எந்த வகை ஜன்னலும் கிடையாது, கணினியும் கிடையாது.

ஜன்னலார் அன்றிலிருந்து ஒரு தும்மலுக்குக்கூட லீவு போடவில்லை. ஆனால் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் தேதி வந்துவிட்டது. இரண்டு நாள் போயே ஆகவேண்டும். போகும்போது திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாம் நாள் நாற்பது புட்டி வந்தது. நான்கு மணிக்குள் முடிவு வேண்டும் என்று தலைவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண்ணின் திரையை ஜன்னலார் லீவுக்கு முந்தின நாள்தான் மறுபடி மாற்றி அமைத்திருந்தார்; அதில் அரை மணி நேரம் தேடிவிட்டு அவருக்குப் போன் போட்டாள்.

"சார், அளக்கிற பட்டன் எங்க இருக்கு?"

"மூணாவது ஜன்னலுக்குப் பின்னாடி ஒரு குட்டி ஜன்னல் இருக்கும்மா. மூலையைப் புடிச்சு மெதுவா இழு."

"இழுத்துட்டேன். உள்ள இன்னொண்ணு வருது."

"அதைத் தொடாத."

"தொடாம எப்படி சார்?"

"அது அழகுக்கு வச்சது. அதைத் தாண்டிப் போ."

"மாமியார் எப்படி இருக்காங்க சார்?"

"ஒரு கண்ணுல கட்டு. அந்த ஒத்தைக் கண்ணால அவங்களே இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பாங்க."

அவள் போனை வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் சுவர் ஜன்னலைப் பார்த்தேன். 'பழைய அமைப்புக்குத் திரும்பு' என்று எங்கோ ஒரு மூலையில் இருந்ததைத் தேடிப்பிடித்து அழுத்தினாள். அவளுக்காக ஜன்னலார் நான்கு மாதம் செதுக்கியதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது. சந்தைக்கடை வந்து நின்றது. நடுவில் சாம்பல் நிறத்தில் அந்தத் தடியன். அதன் மேல் எழுதியிருந்தது: 'எல்லாக் கோடுகளையும் ஒரே தடவையில் அள.'

அழுத்தினாள். நாற்பது கோடும் நான்கு நிமிஷத்தில் முடிந்தன. பதினொரு வருஷத்து அரை நாள்களை மனதுக்குள் கூட்ட ஆரம்பித்த நான், நாகரிகம் கருதி நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை ஜன்னலார் உள்ளே நுழைந்ததும் அவள் திரையைத்தான் பார்த்தார். தடியனையும் பார்த்தார், அதன் மேல் இருந்த எழுத்தையும் படித்தார். அநேகமாக முதல் தடவையாக. பின்னாலேயே தலைவர் வந்தார்.

"நேத்து நாப்பதும் மதியத்துக்குள்ள முடிஞ்சிருக்கு. நீங்க இல்லாமலே."

ஜன்னலாரின் கண் மாடிப்படிப் பக்கம் போனது.

அந்தப் பெண் தலை நிமிராமல் சொன்னாள்: "லீவுல போறதுக்கு முன்னாடி இவர் எடுத்து வச்சுட்டுப் போன பட்டன் சார் அது. ஒரு தடவை அழுத்தினா போதும்."

கிண்டலா, கருணையா, தெரியவில்லை. பஸ் நம்பரைப் படித்துச் சொல்கிற முகம்தான் இருந்தது.

"அப்படியா?" என்றார் தலைவர்.

ஜன்னலார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "கொஞ்சம் யோசிச்சா வர்றதுதான் சார்."

"கீழ போறதுக்கு நான் பக்கத்து ரூம்ல ஆள் பாத்துக்கறேன். இதை எல்லாருக்கும் நீங்களே சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தார். ஒரு வாரம், அறை அறையாக. "இந்தப் பட்டன் பதினொரு வருஷமா என் மண்டைக்குள்ள ஓடிட்டிருந்தது" என்று அவர் ஆரம்பிப்பதை நானே இரண்டு தடவை கேட்டேன். தன் திரையில் தடியனைப் பச்சையாக்கி நடுவில் உட்காரவைத்தார். என் திரையிலும் அப்படியே, கேட்காமலே.

பிறகு அந்தப் பெண்ணின் இருக்கைக்குப் போனார். அவள் திரையில் கோடு வரும் ஜன்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது, எனக்கே தெரிந்தது. அவர் கை மவுஸ்வரை போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"உன்னோடது அப்படியே இருக்கட்டும்மா" என்றார்.

அந்தக் கோணல் இன்னும் இருக்கிறது. அவள் பின்னால் நடந்துபோகும்போதெல்லாம் ஜன்னலார் சுவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.