மெட்டிக்குள் இருந்த உயிர்

பினாங்குக்கு மருமகளாக வந்தபோது என் கால்கள் இரண்டும் ஒழுங்காகத்தான் இருந்தன. என் கணவர் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. வருமானம் போதாதென்று மாமியார் மாடியில் தங்கியிருந்த ஆண்களுக்குச் சாப்பாடு போட்டு வந்தார். போட்டவர் அவர் என்று ஊர் சொல்லும். விடிந்தது முதல் அடுப்படியில் நின்றவள் நான். எல்லோரும் தின்று எழுந்த பிறகு எனக்கு மிஞ்சுவது கருவாட்டுக் குழம்பின் அடியும் உப்பு முட்டையும்.

ஒரு வருடத்தில் கால்கள் நீர் கோத்து வீங்கின. அழுத்தினால் பள்ளம் விழும். அதைப் பற்றி வீட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. வலது கால் மெட்டி இறுகி விரல் மரத்துப் போனதும்தான் கூடிப் பேசினார்கள், அதுவும் விரலுக்காக அல்ல. மெட்டியை வெட்டினால் புருஷன் ஆயுசுக்கு ஆகாதாம். கழன்று விழக்கூடாது என்று மாமியாரே சொல்லி, திறப்பே இல்லாமல் வாய் சேர்த்துச் செய்த கெட்டி மெட்டி அது.

பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் குடிப்பதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். தலைவலிதான் வந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து கட்டும் டிரெஸ்ஸர் காலைப் பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் விரல் போய்விடும், மெட்டியை வெட்டிவிடலாம் என்று கத்தரியை எடுத்தார். மாமியார் என் காலைப் புடவையால் மூடினார்.

"வெரலு போனா போவுது. எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

கூட வந்திருந்த என் கணவர் கூரையைப் பார்த்தார். ஆயுசு அவருடையது அல்லவா, நான் குறை சொல்ல முடியுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் கண்ணுக்கு நான் ஒரு மெட்டி மாட்டும் கட்டை.

டிரெஸ்ஸர் கத்தரியை வைத்துவிட்டார். அப்படியானால் உப்பைக் குறை, நாள் முழுக்க நிற்காதே, உட்காரும்போது காலை உயரத் தூக்கி வை, காலையில் நட, மரத்த விரல் தெளிகிறதா என்று தினமும் வந்து காட்டு என்றார். தண்ணீரையும் தாராளமாகக் குடிக்கச் சொன்னார்.

மறுநாளே கருவாட்டை நிறுத்தினேன். சாப்பிட வந்த ஆண்கள் முணுமுணுத்தார்கள். காய்கறி வாங்கப் பாசாருக்கு ரிக்‌ஷா வேண்டாம் என்று நடந்தேன், போகிற வழியில் ஆஸ்பத்திரியிலும் தலை காட்டினேன். மத்தியானம் அரிசி மூட்டைமேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தேன். மாமியார் எதிரில் மருமகள் காலை நீட்டுவதே குற்றம். நான் உயர்த்தி வேறு வைத்தேன். வந்தவர் போனவரிடமெல்லாம், எங்கள் வீட்டில் ஒரு துரைசாணி இருக்கிறாள் என்று சொல்லித் தீர்த்தார். ஆனால் தடுக்கவில்லை. பிள்ளையின் ஆயுசு அந்த மூட்டைமேல்தானே கிடந்தது.

வீக்கம் மெல்ல வடிந்தது. ஒரு நாள் காலை, பாசாரிலிருந்து வந்து முற்றத்தில் கால் கழுவும்போது மெட்டி தானாகவே நழுவி விழுந்தது. விரலில் சுற்றிலும் பள்ளம். நன்றாக அசைத்துப் பார்த்தேன், அழுகை வந்தது.

மாமியார் ஓடி வந்து மெட்டியை எடுத்து நீட்டினார். உடனே மாட்டு என்றார்.

"வெரலு ஆறட்டும் அத்தே. பெட்டியில வைங்க."

அன்று முழுக்க அவர் வாசலை விட்டு நகரவில்லை. சாயங்காலம் என் கணவர் வழக்கம்போல வந்தார். மாமியார் அவரைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார். அவர் என் காலைப் பார்க்காமலே இலைமுன் உட்கார்ந்தார்.

"இன்னைக்கும் கருவாடு இல்லையா?"

அவருடைய உயிர் எதில் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.