வாயால் குறைத்த இரண்டு இஞ்ச்

தெருமுனைத் தையல்காரரிடம் பேண்ட் தைக்கக் கொடுத்துவிட்டு முகம் வாடித் திரும்பியவர் யாருமில்லை. இடுப்பில் டேப்பைச் சுற்றி, "முப்பத்திநாலுதான் சார், அப்படியே இருக்கீங்க" என்பார். டேப்போ முப்பத்தாறு காட்டும். துணியில் சாக்பீஸால் அவர் குறிப்பதும் அந்த முப்பத்தாறைத்தான். தொழில் தொடங்கிய புதிதில் ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லப்போய், மனுஷன் துணியைச் சுருட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து கத்தரி உண்மை பேசும், வாய் இரண்டு இஞ்ச் குறைத்துப் பேசும். பேண்ட் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இதயநோய், சர்க்கரைநோய் பரிசோதனை முகாம் போட்டார்கள். கூட்டத்தைப் பார்த்துத் திணறிப்போன நர்ஸம்மா, வேடிக்கை பார்க்க வந்த தையல்காரரிடம், "அண்ணே, ஆம்பளைங்க இடுப்பை நீங்க அளந்து சொல்லுங்களேன்" என்றார். முப்பத்தைந்து இஞ்சைத் தாண்டினால் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். தாண்டாதவர்கள் ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்திலிருந்த டேப்பை உருவி, "முப்பத்திமூணு! முப்பத்திநாலு!" என்று கணீரென்று அறிவித்தார். தொப்பைகள் எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியேறின. நர்ஸம்மா இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்து வந்தவன் அவருடைய மைத்துனன். பஸ் டிரைவர். சின்ன வயதில், புதுப்பெண்ணாக வந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தவன். அவருக்குப் பெறாத பிள்ளை. டேப் முப்பத்தேழில் நின்றது. "முப்பத்தஞ்சு!" என்றது வாய்.

"தப்பிச்சேன் மாமா, ஊசின்னாலே எனக்கு உதறல்" என்று நடையைக் கட்டினான். போகிற வழியில் தண்ணீர்க் கேன் பக்கம் நின்று மடக் மடக்கென்று டம்ளர் டம்ளராகக் குடித்தான். கொஞ்ச நாளாக வீட்டிலும் இதே தாகம், இதே அசதி. தையல்காரருக்குச் சுரீரென்றது. இத்தனை பேரிடமும் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நில்லுடா மாப்ள! முப்பத்தேழு! எல்லாருக்குமே ரெண்டு இஞ்ச் குறைச்சுச் சொல்லிட்டேன். பழக்கதோஷம்!"

கூடமே அவர் பக்கம் திரும்பியது.

"அப்போ என் முப்பத்திநாலு?" என்று வரிசையிலிருந்த மளிகைக்கடைக்காரர் கேட்டார்.

"முப்பத்தாறு சார்."

"இத்தனை வருஷமாவா?"

"இத்தனை வருஷமா."

சிரிப்பு வெடித்தது. நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போனவர்களை எல்லாம் கூட்டிவரும்படி அவரையே விரட்டினார். கதவு கதவாகத் தட்டி, திட்டு வாங்கி, கெஞ்சி, ஆளையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மைத்துனன் விரலில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தான். சர்க்கரை நிறையவே ஏறியிருந்தது. "ஆஸ்பத்திரியில இன்னொரு தடவை ரத்தம் பார்த்து உறுதிப்படுத்திக்கணும். இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. டாக்டர் சொல்றபடி நடந்துக்கிட்டா கட்டுப்பாட்டுல வெச்சுக்கலாம்" என்றார் நர்ஸம்மா.

"மாமா, அக்கா கேட்டா சுகரையும் கொஞ்சம் குறைச்சுச் சொல்லிடுங்களேன்" என்று அவன் காதோடு கெஞ்சினான்.

தையல்காரருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"முடியாதுடா. நீ எனக்கு முழுசா வேணும்."