நான் கொடுத்த காக்கித் தொப்பிகள்

1. வயிற்றெரிச்சல்

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் சாம்பல் அணிலின் கூடுகளை எண்ணுவதுதான் வருடாவருடம் என் மாணவர்களின் புராஜெக்ட். மாநிலக் கருத்தரங்குக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு இளங்கலை புராஜெக்ட்தான் போகும். அது எங்களுடையதாகத்தான் இருக்கும்.

உளவியல் துறைக்கு ஷாஹிதா மேடம் வந்த பிறகு அது ஆட்டம் கண்டது. அவருடைய மாணவி முத்துலட்சுமி, செட்டியார்பட்டிப் பெண். தேவதானம் பக்கத்துத் தோப்புகளில் யானை இறங்குவதால் விவசாயிகளின் மனநிலை என்ன ஆகிறது, பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகிறது என்று ஆராயப் போகிறாள். பிரின்ஸ்பால் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து, "பாத்தீரா சார், வனவிலங்கு, மனநலம், கல்வி, மூணும் ஒண்ணுக்குள்ள. இப்படில்ல யோசிக்கணும்" என்றார்.

முப்பது வருடம் காடு மேடெல்லாம் அலைந்தவனுக்கு வயிறு எரியாதா? எரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது.

2. சொல்லாமல் விட்டது

அந்த வாரமே முத்துலட்சுமி லேபுக்கு வந்தாள்.

"சார், வெயிலு தாங்கல. ஒங்க கிளப் தொப்பி அஞ்சாறு குடுத்தீங்கன்னா சர்வே முடிச்சுட்டுத் தந்துருவோம்."

எங்கள் வனவிலங்கு கிளப் தொப்பி காக்கி நிறம். காக்கியைக் கண்டால் தோப்புக்காரர்கள் வனத்துறை ஆள் என்றுதான் நினைப்பார்கள். யானைக்குக் கரண்ட் வேலி போட்டார்கள், வெடி வைத்தார்கள் என்று ஏதாவது கேஸ் வந்துவிடுமோ என்று வாயே திறக்க மாட்டார்கள். என் மாணவர்களை அந்தத் தொப்பியோடு ஒருநாளும் தோப்புக்குள் விட்டதில்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"தாராளமா எடுத்துக்கோம்மா" என்றேன்.

படிவங்கள் திரும்பி வந்தன. யானை வருகிறதா? இல்லை. தூக்கம் கெடுகிறதா? இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கு லீவு போடுகிறார்களா? இல்லை. ஷாஹிதா மேடத்தின் முகம் வாடிக் கிடந்தது. அன்று கேன்டீனில் நான் இரண்டாவது டீயும் வாங்கிக் குடித்தேன்.

3. தேர்வு நாள்

கருத்தரங்குக்கு புராஜெக்டைத் தேர்ந்தெடுக்கும் நாளில், முத்துலட்சுமி முதல் ஸ்லைடிலேயே அந்தத் தொப்பியின் படத்தைப் போட்டாள்.

"இதப் போட்டுட்டுப் போனப்ப எல்லாரும் இல்லன்னுட்டாவ. ஒரு அம்மா மட்டும், 'ஏட்டி, தொப்பியக் கழட்டிட்டு வா, பொறவு பேசுவோம்'னாவ. கழட்டிட்டு அதே தோப்புகளுக்குத் திரும்பப் போனோம். அழுதாவ சார். யானைக்குப் பயந்து பிள்ளைய ஸ்கூலுக்கே அனுப்பாம வச்சிருக்காவ. அத யாருகிட்டயும் சொல்ல முடியலங்கிறதுதான் அவியளுக்குப் பெரிய பாரம்."

நடுவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"தொப்பி குடுத்தது விலங்கியல் சாரு. சொன்னா மறந்துரும், பட்டாத்தான் புரியும்னு வேணும்னேதான் குடுத்துருக்காங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். ஷாஹிதா மேடம் என்னிடம் வந்து, "நான்தான் ஒங்களத் தப்பா நெனச்சிட்டேன் சார்" என்றார். "அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கருத்தரங்குக்கு அந்த புராஜெக்ட்தான் போனது. கட்டுரையில் மூன்றாவதாக என் பெயரையும் சேர்த்திருந்தார்கள். முப்பது வருடத்தில் என் பெயர் அச்சில் வந்த ஒரே ஆய்வு அது.

இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: களத்துக்குப் போகிற பிள்ளையிடம் தெரிந்ததைச் சொல்லி அனுப்புங்கள். அந்தக் கட்டுரையை நான் இன்னும் என் வீட்டில் யாரிடமும் காட்டவில்லை.