மேற்கே கிளம்பிய மணமாலை

இருபது வருடங்களாகக் கரும்பலகையில் காவிரியை வரைந்து வருகிறேன். பவானி, அதற்குக் கீழே நொய்யல், அதற்கும் கீழே அமராவதி என்று கண்ணை மூடிக்கொண்டே கோடு இழுப்பேன். அப்பேர்ப்பட்ட சமூக அறிவியல் வாத்தியார்தான், போன ஆடிப் பதினெட்டன்று, பெற்ற மகளின் மணமாலையை அரபிக்கடலுக்கு அனுப்பிவைத்தேன்.

எங்கள் பக்கம் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஆடிப் பதினெட்டன்று தங்கள் மாலைகளைக் காவிரியில் விடும். இரண்டும் சேர்ந்து மிதந்து போக வேண்டும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பெங்களூரில் லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் மாலையை, காவிரியோடு பவானி ஆறு சேரும் பவானி கூடுதுறையில் சம்பந்தியம்மா விடுவது, பெண்ணின் மாலையை நான் கொண்டுபோய் அங்கேயே விடுவது என்று ஏற்பாடு.

அன்றைக்குப் பார்த்து, பொள்ளாச்சி தாண்டி அம்பராம்பாளையத்தில் நண்பர் ஒருவர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். காலையில் அங்கே சாப்பிட்டுவிட்டு அப்படியே பவானிக்குப் போவதாக, மாலையையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போனேன். பாயசம் மட்டும் மூன்று டம்ளர். அதற்குமேல் பவானி பஸ் கூட்டத்தை நினைக்கவே கால் வலித்தது. கூப்பிடு தூரத்தில் ஆழியாறு, அடியில் கிடக்கும் கல் தெரியும் தண்ணீர். சிங்காநல்லூரில் குடியிருந்துகொண்டு நொய்யலில் நுரையை மட்டுமே பார்க்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ‘எல்லா ஆறும் காவிரிக்குத்தானே போகிறது’ என்று பாயசம் சொன்னது. மாலையை விட்டேன். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்.

திரும்பும் பஸ் கிணத்துக்கடவை நெருங்கும்போது சம்பந்தியம்மா போனில் வந்தார்.

“ஏனுங்ணா, எப்ப வாரீங்க?”

“இங்கயே ஆத்துல விட்டுப்போட்டேனுங்க.”

“அதுக்கென்னங்ணா. எந்த ஆறும் காவேரிக்குத்தான வருது? கொடுமுடிகிட்ட ரெண்டும் சேந்துக்குமுங்க.”

அவர் அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆழியாறு மேற்கே போகும் ஆறு. பாலக்காட்டுப் பக்கம் போய், பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் கடல். அரையாண்டுப் பரீட்சையில் நானே கேட்ட இரண்டு மார்க் கேள்வி. ஒரு பெண் ‘காவிரி’ என்று எழுதியதற்குச் சிவப்பு மையில் ‘கவனம் தேவை’ என்று எழுதியிருக்கிறேன்.

மாப்பிள்ளையின் மாலை வங்காள விரிகுடாவுக்கு, மகளின் மாலை அரபிக்கடலுக்கு. நடுவில் ஒரு தீபகற்பமே கிடக்கிறது! கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளைகளை ஓர் அப்பன் இப்படியா பிரிப்பான்?

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று எழுந்துவிட்டேன்.

“ஸ்டாப்பு வரட்டுங்க,” என்றார் கண்டக்டர்.

“மாலை கேரளாவுக்குப் போகுதுங்க!”

“அது போவட்டுங்க. நீங்க எங்க போகோணும்?”

கிணத்துக்கடவில் குதித்து, எதிர்ப்பக்க பஸ் பிடித்து, அம்பராம்பாளையம் பாலத்தடிக்கு ஓடினேன். பாலக்காடு எத்தனை மணிக்கு வரும் என்று மாலையின் வேகத்தை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே ஓடினேன். மாலையோ விட்ட இடத்திலிருந்து இருபதடி தள்ளிக் கோரைப்புல்லில் மாட்டி, சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். பேன்ட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிய என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, விட்ட மாலைய ஆராச்சும் திருப்பி எடுப்பாங்களா?”

மூச்சு வாங்க அவருக்கு ஒரு முழுப் பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, துணியைப் பிழிந்தார்.

“ஏனுங்க, கேரளாவுல ஆருக்கும் கண்ணாலமே ஆவறதில்லீங்களா?”

மாலையைப் பைக்குள் வைத்துக்கொண்டு கரையேறினேன்.

வீட்டுக்கு வந்தபோது மாலை, பேன்ட், மஞ்சப்பை மூன்றும் சொட்டின. கதையைக் கேட்ட மனைவி தன் போனை நீட்டினார். என் போட்டோவுக்குக் கீழே மகள் எழுதியிருந்தாள்: ‘அப்பா, இது ஆழியாறு. ரெண்டு மார்க் போச்சு.’ என்னிடம் படித்த பெண்.

மறுநாள் மனைவி கையோடு என்னைப் பவானிக்குக் கூட்டிப்போனார். பையைக்கூட என்னிடம் தரவில்லை. கூடுதுறையில் சம்பந்தியம்மா நின்றிருந்தார். தலையைச் சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“உடுங்ணா. எம்பையன் எப்பவுமே முன்னாடி போயி நின்னுட்டு இருப்பான். மருமகக் கண்ணு எப்பவும் லேட்டு. கொடுமுடியில காத்துட்டு இருப்பானுங்க.”

மனைவி மாலையைத் தண்ணீரில் வைத்தார். ஒரு சுற்றுச் சுற்றி, நடு ஆற்றுக்குப் போய், கிளம்பியது. போனில் இருந்த திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன். தெற்கு என்று காட்டியது. போனைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தேன், அப்போதும் தெற்கு. பவானியில் காவிரி தெற்கேதான் போகும், கரூர்ப் பக்கம் போய்க் கிழக்கே திரும்பிக்கொள்ளும். எனக்குத் தெரியும், இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன்.

இருந்தாலும் மாலை கண்ணுக்கு மறையும்வரை படியை விட்டு நகரவில்லை.