கணுவுக்கு இரண்டு முள்

விருத்தாசலத்தில் நாங்கள் வீடு கட்டிய இடம் முழுக்க மணல். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பீங்கான் கம்பெனிகளின் புகைக்கூண்டு, நடுவில் யாரும் கட்டாமல் போட்டிருக்கும் மனைகள். அந்த மனைகளையெல்லாம் வேலிக்காத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தில் சீமைக்கருவேலம் என்று போட்டிருப்பார்கள். நான் பள்ளியில் தாவரவியல் வாத்தியார். அந்த மரத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். வேரோடு பிடுங்குங்கள், இல்லாவிட்டால் திரும்ப வரும் என்று வருஷா வருஷம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துவேன்.

என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. அப்புறம் மாதாமாதம் பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவோம். பீங்கான் கம்பெனியில் கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவள், வேலையை விட்டாள். தலைமுடி போயிற்று. பேச்சும் போயிற்று. என்ன வேண்டும் என்று கேட்டால் "ஒண்ணும் வேணாங்க" என்பாள். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு பயமாக இருக்கும்.

காலையில் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த மணலில் நடந்தோம். மரம் அடர்ந்த இடத்தில் வெறும் தரைதான். வெயில் விழும் சந்துகளில்தான் நெருஞ்சி, கொழுஞ்சி, துத்தி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அந்த முள்ளின் மேலேயே ஏறிக் கோவை பழுத்துக் கிடக்கும். நான் கயிற்றைச் சதுரமாகப் போட்டு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதுவேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பாடம் அது. அவள் நல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்கு முன்னால் பேர் சொல்லிவிடுவாள். ஒன்றுகூடத் தப்பாது.

ஒருநாள் எங்கள் வீட்டுச் சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று நின்றது. பிடுங்கக் குனிந்தேன்.

"அத வுட்டுடுங்க. வன்னிக்கன்னு," என்றாள்.

எங்கள் ஊர்ப் பெரிய கோயிலின் மரம் வன்னி. அதில் கை வைக்க இங்கே யாருக்கும் மனசு வராது. ஆனால் இது வன்னி இல்லை. வன்னிக்கு முள் தண்டில் அங்கங்கே இருக்கும். இதற்குக் கணுவுக்குக் கணு இரண்டிரண்டாக நீட்டிக்கொண்டிருந்தது. அசல் வேலிக்காத்தான். இத்தனை செடி தெரிந்தவள் இதில் எப்படிக் கோட்டை விட்டாள் என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

"ஆமா, வன்னிதான்," என்றேன்.

தினமும் அரிசி கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றினாள். கன்று தளதளவென்று வளர்ந்தது. நோய் திரும்ப வருமா வராதா என்பது போகப்போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடுக்க எடுக்க முளைக்கிற அந்தக் கன்றைப் பார்த்தால் எனக்கு வேறென்ன நினைவுக்கு வரும்?

மருந்தெல்லாம் முடிந்ததும் வேப்பூரில் தன் அக்கா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வரப் போனாள். அந்த நேரம் பார்த்து பக்கத்து மனைக்காரர் ஜேசிபி வைத்து முள்ளை வழித்தார். பள்ளி விட்டு வந்து பார்த்தால் எங்கள் கன்றையும் காணோம்.

"முள்ளுதான சார், ஒங்களுக்கும் சேத்து எடுத்துட்டேன்," என்றார் சந்தோஷமாக.

வகுப்பில் நான் கத்துவதைத்தான் அவர் செய்திருந்தார். யாரைத் திட்ட? அவள் வந்து பார்த்தால் என்ன ஆவாளோ என்று பயந்து, நர்சரி நர்சரியாக அலைந்து, ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு வன்னிக் கன்றை வாங்கி, அதே இடத்தில் நட்டு, புதுமண் தெரியாதபடி காலால் மிதித்துவிட்டேன்.

வந்தவள் பையைக்கூட வைக்காமல் சுவரோரம் போனாள். தண்டைத் தடவிப் பார்த்தாள்.

"இது வன்னியாச்சே. நம்ம கன்னு எங்கங்க?"

"அப்ப அது வேலிக்காத்தான்னு ஒனக்குத் தெரியுமா?"

"அத வெட்டித்தான எங்க வூட்டுல அடுப்பே எரிஞ்சுது. எனக்குத் தெரியாதா? வேலிக்காத்தான்னு சொல்லியிருந்தா நீங்க வுட்டு வச்சிருப்பீங்களா?"

"அத எதுக்கு வுட்டு வைக்கணும்?"

"எத்தன வாட்டி வெட்டினாலும் துளிர் வுடுதுங்க அது. நானும் ஒரு வெட்டு வாங்கிட்டுத்தான வந்து ஒக்காந்திருக்கேன். அந்த மாதிரி ஒண்ணு கண்ணெதிர்ல இருந்தா நல்லாயிருக்கும்னு இருந்துச்சு."

அத்தனை நாளும் அந்தச் செடியில் நான் நோயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன்னைப் பார்த்திருக்கிறாள். அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆறுதல் சொன்னதும் அவள்தான்.

"ஜேசிபி மேலாலதான் வழிச்சிருக்கும். வேரு உள்ள இருக்குது. வரும் பாருங்க."

மழை பெய்து நாலைந்து நாள் கழித்து, வன்னிக்கு ஒரு சாண் தள்ளி மணலிலிருந்து இரண்டு துளிர் எட்டிப் பார்த்தது. முதலில் பார்த்தது நான்தான். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவள் அரிசி கழுவிய தண்ணீரோடு ஓடி வந்தாள். அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கி நானே ஊற்றினேன்.