வரிசையில் ஒன்பதாவது ஆள்

பழைய டிவி கேம் பெட்டிக்கு நானே எழுதிய விளையாட்டை இன்று அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். உக்குவளை பஸ் தரிப்பிடத்தில் எங்கள் குடும்பம், ஒன்பது பேர், வரிசையாக நிற்கும். எல்லோரையும் ஏற்றி மாத்தளைத் தேருக்குக் கூட்டிப்போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

அம்மா ஒவ்வொருவராக எண்ணினார். "அப்பாவக் காணோமே?"

அந்தப் பெட்டியால் ஒரே வரிசையில் எட்டு உருவங்களைத்தான் காட்ட முடியும். ஒன்பதாவது மறைந்துவிடும். எங்களையெல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறுவதுதான் அப்பாவின் வழக்கம். அதனால் அவரைக் கடைசியில் நிறுத்தியிருந்தேன். போன தை மாதம் அவர் இறந்த பிறகு எழுதத் தொடங்கிய விளையாட்டு இது.

விஷயத்தைச் சொன்னேன். அம்மா திரையில் தன் உருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப என்னய எடுத்துரு புள்ள. அவரு நிக்கட்டும்."

எடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு கணம் மாறி மாறி மறையும்படி எழுதினேன். இப்போது ஒன்பது பேரும் மினுங்கிக்கொண்டே பஸ்ஸுக்கு நிற்கிறோம், அப்பாவும்தான்.

விளையாடுகிறவர்கள் கண் கூசுகிறது என்பார்கள். யாரையும் மறைக்காமல் ஒன்பது பேரையும் நிறுத்த வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவிடம் மட்டும் கேட்காதீர்கள். அவரிடம் ஒரே யோசனைதான் இருக்கிறது.